குறுக்கே பேசாதவள்

ரூனா அழகியாக இருந்திருந்தால்கூட விக்டிஸ் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அழகியும் இல்லை, சின்னப் பெண்ணும் இல்லை. விக்டிஸைவிட ஒன்றிரண்டு வயது குறைச்சல், அவ்வளவுதான். தலைமுடியைச் சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்கிற ரகம். நாட்டின் வடகோடியில் பிறந்த வடக்கத்திக்காரி என்பதால் காலை வணக்கத்தோடு ஒரு கெட்ட வார்த்தையும் சேர்ந்தே வரும். அப்படிப்பட்டவள் முன்னால் விக்டிஸின் சொந்தப் புருஷன் ஐலிஃப் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பேசினான் பேசினான், அப்படிப் பேசினான்.

வீட்டில் இவன் பேசுகிற லட்சணம் ஊருக்கே தெரியும். "வேலை எப்படி?" என்றால் "ம்." "சாப்பாடு பிடிச்சிருக்கா?" என்றால் "ம்ம்." கல்யாணத்தன்று பாதிரியார் சம்மதமா என்று கேட்டபோது மட்டும்தான் முழுசாக ஒரு வார்த்தை வந்தது என்று விக்டிஸ் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அந்த வாயா இது? பக்கத்து அறையில், விசாரணையைக் காட்டும் வீடியோத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவளுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

அவள் அங்கே நிற்கவே கூடாது. இந்தக் காவல் நிலையத்தில் சாட்சிகளை விசாரிப்பதில் பேர் எடுத்தவள்தான். ஆனால் சாட்சி சொந்தப் புருஷன் என்றால் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்பது விதி. அதனால்தான் விசாரணை ரூனாவிடம் போனது. பக்கத்து அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டியவன் ஸ்டைனார். நல்ல மனுஷன். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன். விக்டிஸ் அவனைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தாள்.

"கொஞ்ச நேரம்தான்ப்பா. நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"விக்டிஸ், கியார்டனுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாரு."

"உன் கியார்டன் மாடியில வாஃபிள் தின்னுக்கிட்டு இருக்காரு. வெள்ளிக்கிழமை வாஃபிள் சுடுற நாள்ல அவரை யாரு கீழ இறக்க முடியும்? நீ உன் வேலையைப் பாரு."

ஸ்டைனார் பெருமூச்சு விட்டான். உதட்டுக்கடியில் ஒரு புகையிலைப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டான். ஹெட்ஃபோனைக் கழற்றி ஒலிபெருக்கியை மெல்லத் திறந்துவிட்டான். அது அவன் செய்த இரண்டாவது தப்பு.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை மதியம், வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் ஒருத்தி துறைமுகச் சாலையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். ஒரு வண்டி அவளை அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. நர்ஸ் இன்னும் கண் திறக்கவில்லை. பார்த்த ஆள் ஒரே ஒருத்தன், ஐலிஃப். படகு இன்ஜின் பழுது பார்க்கிற பட்டறையில் அவனுக்கு வேலை. மதிய இடைவேளையில் துறைமுகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும் அவன்தான்.

அன்று சாயங்காலம் விக்டிஸ் அவனைச் சும்மா விட்டாளா? அவனை முறைப்படி விசாரிக்கும்வரை யாரும் அவனிடம் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா? மற்ற சாட்சிகளிடம் தினம் அவளே சொல்கிற பாடம் அது. ஆனால் பொண்டாட்டி கேட்பது விசாரணை ஆகுமா என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தட்டில் வறுத்த மீன் வடையும் உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருக்க, கேள்வியாய்க் கேட்டுத் துளைத்துவிட்டாள்.

"பெரிய வண்டியா, சின்ன வண்டியா?"

"பெரிசுன்னு…"

"பிக்கப்பா? பின்னால திறந்த மாதிரி?"

"இருக்கலாம்."

"சாம்பல் கலரா?"

"ம்."

மறுநாள் காலையில் அதைச் சூடாகக் கொண்டுபோய் நிலையத்தில் சேர்த்தாள். துறைமுகத்தில் சாம்பல் நிறப் பிக்கப் ஒன்றுதான் உண்டு. மீன் இறக்குகிற இடத்தில் வேலை செய்யும் சிந்த்ரே என்கிற இளைஞனுடையது. முன்பக்கம் ஒரு நசுங்கல் வேறு. "அது போன குளிர்காலத்துல மான் குறுக்க வந்து மோதினது" என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். யார் காதில் ஏறியது? பிடித்து உள்ளே போட்டார்கள். இன்று சாயங்காலம் அவனை நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஐலிஃப் பிக்கப் என்று முறைப்படிச் சொல்லிவிட்டால் பையன் வாரக் கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான். அவன் அம்மா காலையிலிருந்து கீழே வரவேற்பறையில் காப்பி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆக, எல்லாம் ஐலிஃபின் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஞாபகம் இப்போது ரூனாவின் கையில்.

ரூனா போன வருஷம் மாற்றலாகி வந்தவள். வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவள் பேச்சாகவே இருக்கிறது. அப்படி என்ன வித்தை தெரியும் அவளுக்கு? ஒரு வித்தையும் இல்லை. சும்மா இருப்பாள். சாட்சியை அந்த இடத்துக்கு மனசால் திரும்பப் போகச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கேள்விக்குள் எதையும் பொதிந்து வைக்க மாட்டாள். சாட்சி வாயில் வராத ஒரு வார்த்தை அவள் வாயில் வராது. இதைப் பெரிய சாமர்த்தியம் என்று தலைமை அதிகாரி கியார்டன் ரொட்டியின் மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டே சொல்வார்: "ரூனா உள்ள ஒண்ணும் போடல, ஆனா எல்லாமே வெளிய வந்துச்சு பாத்தீங்களா?" எதிரே விக்டிஸ் உட்கார்ந்திருக்கிறாளே என்ற நினைப்புகூட இருக்காது அந்த மனுஷனுக்கு. விக்டிஸுக்கு வாயிலிருக்கும் ரொட்டி இறங்காது.

அந்த முறையொன்றும் ரூனா கண்டுபிடித்ததில்லை. நாடு முழுக்கப் போலீஸ்காரர்கள் படிக்கிறதுதான். விக்டிஸும் பயிற்சிக்குப் போனாள், சான்றிதழ் வாங்கினாள், சுவரில் மாட்டினாள். அவள் வாய்தான் பயிற்சிக்குப் போகவில்லை. யாராவது ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடித்துக் கொடுக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

திரையில் ரூனா ஆரம்பித்தாள். "ஐலிஃப், நான் அங்க இல்ல. பாத்தது நீங்க. அதனால பேசப்போறதும் நீங்கதான். முக்கியம் இல்லைன்னு தோணுறதையும் விட்டுடாதீங்க. ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, ஊகமா எதையும் சொல்ல வேணாம். இப்போ அந்தப் பெஞ்சுக்குத் திரும்பப் போங்க. கண்ணை மூடிக்கணும்னா மூடிக்கோங்க. காத்து எப்படி இருந்துச்சு, என்ன வாசனை, என்ன சத்தம், மனசுல என்ன ஓடிக்கிட்டிருந்துச்சு… அவசரமே இல்ல."

அவ்வளவுதான். வாயை மூடிவிட்டாள். ஐலிஃப் கண்ணை மூடினான். ஒன்றும் நடக்கவில்லை. "பாரு, பேச மாட்டான்," என்றாள் விக்டிஸ், உள்ளுக்குள் ஒரு சந்தோஷத்தோடு. "நான் எத்தனை வருஷமா பாக்கறேன். அவனைக் கிளறணும். கிளறினாத்தான்…"

"பெஞ்சு வெயில்ல காஞ்சு சூடா இருந்துச்சு," என்றான் ஐலிஃப்.

விக்டிஸ் வாயை மூடினாள்.

"மலை மேல மட்டும் கறுப்பா மேகம். நம்ம பக்கம் நல்ல வெயில். கடல்பாசி வாடை. எதிர்ல அந்தப் படகு." நிறுத்தினான். ரூனா அசையவில்லை. "பச்சைப் படகு. மரப் படகு. விக்கிறதுக்குன்னு அட்டை தொங்க விட்டிருக்காங்க. வசந்த காலத்துலேருந்து தினம் மதியம் அதைப் பாக்கத்தான் அங்க போறேன்."

வசந்த காலத்திலிருந்தா! விக்டிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குப் பழைய ஒத்தை சிலிண்டர் இன்ஜின். படகுக்காரக் கிழவர் எப்பவாவது ஓட்டிப் பாப்பாரு. துக் துக்குன்னு… அந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்குத் தோள் வலியே மறந்துடும். அன்னைக்கும் அவர் ஓட்டுவாரான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"தோள் வலியா?" என்றாள் விக்டிஸ். "இவனுக்குத் தோள் வலியா? எந்தத் தோள்?"

"உஷ்," என்றான் ஸ்டைனார்.

எந்தத் தோள் என்று வடக்கத்திக்காரியும் கேட்கவில்லை. கேட்க மாட்டாளாம்! ஆனால் ஐலிஃப் தானாகவே இடது தோளைத் தடவிக்கொண்டான். பிறகு பட்டறையில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொன்னான். ரொட்டியில் வைத்திருந்த முட்டையைக் கடற்பறவை கொத்திக்கொண்டு போனதைச் சொன்னான். சொல்லும்போது சிரித்தான். ரூனாவும் சத்தமில்லாமல் புன்னகைத்தாள். அடப்பாவி மனுஷா, அந்தப் பறவைக் கதையைச் சாயங்காலம் மேசையில் எனக்குச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேனா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி அவளுக்குக் கிடைக்காத மனுஷன் அரை மணி நேரத்தில் ஒரு அந்நியக்காரிக்குக் கிடைத்துவிட்டான்.

"அப்புறம் ஒரு சத்தம். தொம்முன்னு. திரும்பிப் பாத்தா சைக்கிள் மேல போய்க் கீழ விழுது. வண்டியோட பின்பக்கம்தான் தெரிஞ்சுது. வெயில் கண்ணுல அடிச்சுது. சாம்பலோ, நீலமோ, வெறும் அழுக்கோ…"

"பிக்கப்புன்னு சொல்லித் தொலையேன்!" விக்டிஸ் பல்லைக் கடித்தாள். ரூனாவைப் பார்த்து ஏளனமாகவும் இருந்தது. இருக்கிற ஒரே உருப்படியான தகவலைக்கூட இவளால் வாங்க முடியவில்லை!

"வண்டின்னு சொன்னீங்க," என்றாள் ரூனா. "அதைப் பத்தி மனசுல வர்றதெல்லாம் சொல்லுங்க."

ஐலிஃபின் நெற்றி சுருங்கியது. பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னான். "எல்லாரும் பிக்கப்புன்னு பேசிக்கிறாங்க இல்லையா? நான்தான் அப்படிச் சொன்னேன். ஆனா இப்போ பாத்தா அது என் கண்ணுல வர மாட்டேங்குது. காதுலதான் வருது. விக்டிஸ் குரல்ல வருது. சாப்பிடும்போது அவதான் பிக்கப்பான்னு கேட்டா. அவ கேக்க ஆரம்பிச்சா, எதையாவது சொன்னாத்தான் நிறுத்துவா."

ஸ்டைனாருக்குப் புரையேறியது. புகையிலைப் பொட்டலத்தைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் எழுந்து நின்றான். விக்டிஸின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. "காப்பி… நான் போய்க் காப்பி எடுத்துக்கிட்டு வரேன். உனக்கும்," என்று முணுமுணுத்துவிட்டு வெளியே ஓடினான்.

விக்டிஸ் தனியாக நின்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்திருக்க வேண்டியவன் சிந்த்ரே. தன் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தையால் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன். அவன் ஞாபகம் வரவில்லை. அவமானம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். என் குரலைப் பற்றி அவளிடம் புகார் சொல்கிறானே! படகைப் பற்றி அவளிடம் சொல்கிறானே! தோளை அவளிடம் தடவிக் காட்டுகிறானே!

பக்கத்து அறையிலிருந்து ரூனாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அங்கே இருக்கும் கீபோர்டில் அடிக்கலாம். அது விசாரணை அறை மேசையிலுள்ள சின்னத் திரையில் போய்த் தெரியும். இடைவேளைக்காக வைத்த ஏற்பாடு அது. சாட்சி கண்ணை மூடிப் பேசிக்கொண்டிருக்கும்போது அதைத் தொட்டால், தொட்ட கையை ஒடிக்கலாம் என்று விக்டிஸே ஒருமுறை ஸ்டைனாரைத் திட்டியிருக்கிறாள்.

"இன்னொரு சத்தம் இருந்துச்சு," என்று திரையில் ஐலிஃப் சொல்லிக்கொண்டிருந்தான். "மோதின சத்தம் இல்ல. அதுக்கு அப்புறம். வண்டி போகும்போது. கீச்… கீச்சுன்னு… திரும்பத் திரும்ப… இருங்க, வருது…"

விக்டிஸ் அதைக் கேட்கவில்லை. அவள் விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன: படகு விஷயத்தை மனைவியிடம் ஏன் மறைத்தார் என்று கேள். அனுப்பினாள்.

டிங்.

ஐலிஃப் கண்ணைத் திறந்துவிட்டான். தூக்கத்தில் முகத்தில் தண்ணீர் ஊற்றப்பட்டவனைப் போல விழித்தான். ரூனா சின்னத் திரையைச் சட்டென்று திருப்பி வைத்தாள். ஆனால் அவள் முகம் போன போக்கை அவன் பார்த்துவிட்டான். கூரை மூலையில் இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தான். நேராக விக்டிஸையே பார்ப்பதுபோல இருந்தது.

"விக்டிஸ் அங்கதான் இருக்காளா?"

"எனக்குத் தெரியாது," என்றாள் ரூனா. பொய் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவன் பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். அது விக்டிஸின் காதில் விழவில்லை. அவள் அதற்குள் தாழ்வாரத்துக்கு ஓடிவிட்டாள். ரூனா கதவைச் சாத்திவிட்டு வந்ததும் முதலில் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. வடக்கே அதைச் சாதாரணமாகப் பேசுவார்களாம்.

"ஒரு சத்தம் வந்துக்கிட்டிருந்துச்சு அவருக்கு. பாதி வந்துடுச்சு. நீ மணி அடிச்சுட்ட."

"நான் அவன் பொண்டாட்டி. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"பொண்டாட்டிக்குத் தெரியணும்னா வீட்டுல கேளு."

"வீட்டுல கேட்டாச் சொன்னாத்தானே!"

தாழ்வாரமே கேட்கிற மாதிரி கத்திவிட்டாள். கத்தியபிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. ரூனா பதில் சொல்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சும்மா நின்றாள். அந்த மௌனத்தில் எதையாவது போட்டு நிரப்ப வேண்டும்போல விக்டிஸுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

"என்கிட்ட அந்த வித்தையெல்லாம் காட்டாதே!"

"நான் ஒண்ணும் காட்டல. என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கறேன்," என்றாள் ரூனா. அவள் குரல் இறங்கியது. "கீழ அந்தப் பொம்பள உக்காந்திருக்கா. நான் அவரை மறுபடி முதல்லேருந்து பெஞ்சுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். வருவாரோ மாட்டாரோ தெரியல. அவர் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு."

"என்ன?"

"நீ இருந்தா போகச் சொன்னாரு. ரூமை விட்டு இல்ல. கட்டடத்தை விட்டு."

விக்டிஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏதாவது சொல்ல வாயைத் திறந்தாள். இரண்டு காப்பிக் கோப்பைகளோடு படியேறி வந்துகொண்டிருந்த ஸ்டைனார் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வரவேற்பறையில் சிந்த்ரேயின் அம்மா எழுந்து நின்றாள். "விக்டிஸ், உன் வீட்டுக்காரர் நல்லா ஞாபகம் வச்சிருப்பாரா? சொல்லிடுவாரா?"

"சொல்லிடுவான்," என்றாள் விக்டிஸ். "யாரும் குறுக்க பேசலன்னா."

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. வண்டியைத் துறைமுகத்துக்கு விட்டாள். பச்சைப் படகு அங்கேதான் கட்டிக் கிடந்தது. ஒரு பொண்டாட்டி சக்களத்தியைப் போய்ப் பார்க்கிற மாதிரிதான் அதைப் போய்ப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு குறை கிடைக்காதா என்று. பலகை இளித்திருக்காதா, பெயின்ட் உரிந்திருக்காதா? ஒன்றும் கிடைக்கவில்லை. அழகாகத்தான் இருந்தது சனியன். இவன் வாங்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? எங்கே கட்டி வைப்பாய், எத்தனை வருஷத்துப் படகு, குளிர்காலத்தில் எங்கே ஏற்றி வைப்பாய், யார் சாயம் பூசுவது என்று அடுக்கியிருப்பாள். அவன் "விடு" என்று சொல்லியிருப்பான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவளே இரண்டு பேர் பேச்சையும் பேசிப் பார்த்துவிட்டாள். அப்படித்தான் முடிந்தது.

போன் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கியார்டன்.

"பையனை விட்டுட்டோம்," என்றார் எடுத்த எடுப்பில். "கீச்சுக் கீச்சுன்னு சொன்னது பின் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பராம். காஞ்ச கண்ணாடி மேல ஓடிக்கிட்டே போயிருக்கு. உன் புருஷனுக்குக் கடைசியில கண்ணு முன்னாலயே வந்துடுச்சு. பிக்கப்புக்கு ஏது பின்னால வைப்பர்? அதுவும் நம்ம பக்கம் அன்னைக்கு வெயில். மழை மலைக்கு அந்தப் பக்கம். வைப்பரை நிறுத்தாமலே வந்திருக்கான்னா, அப்பத்தான் மலையைக் குடைஞ்ச சுரங்கப் பாதையை விட்டு வெளிய வந்திருக்கான். அங்க இருக்கிற சுங்கச்சாவடிக் கேமராவுல எல்லா வண்டியும் பதிவாயிருக்கு. பாத்துக்கிட்டிருக்காங்க."

"நல்லது," என்றாள்.

"நல்லதா? விக்டிஸ், நீ இனிமே இந்த வழக்குப் பக்கம் வரக் கூடாது. இன்னைக்குப் பண்ணினதுக்குத் தனியா வெச்சுக்கறேன். திங்கட்கிழமை நீ சாட்சி நாற்காலியில உக்காரணும். வீட்டுல என்ன கேட்ட, எப்படிக் கேட்டங்கிறதெல்லாம் பதிவாகணும்."

"யார் கேக்கப் போறாங்க?"

கியார்டன் கொஞ்சம் தயங்கினார். "வேற யாரு இருக்கா?"

சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பூனை நடை நடந்தார்கள். வழக்கைப் பற்றி அவனிடம் கேட்கக் கூடாது. மற்றதைக் கேட்க அவளுக்கு முகம் இல்லை. அவன் கோபமாகவும் இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. எப்போதும்போல "ம்" என்றான், உருளைக்கிழங்கைத் தோல் சீவினான், இடது கையை உயர்த்தும்போது மட்டும் முகம் சுளித்தான். இத்தனை நாள் அந்தச் சுளிப்பு எங்கே இருந்தது? கண் முன்னால்தான் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை விக்டிஸ் ஒரு முடிவோடுதான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு சொல் கூடுதலாக வரக் கூடாது. அந்த வித்தையின் உள்ளும் புறமும் தெரிந்தவளிடமே அது பலிக்குமா?

"நான் உங்க சாப்பாட்டு மேசையில இல்ல," என்றாள் ரூனா. "இருந்தது நீ. அந்த மேசைக்குத் திரும்பப் போ. முக்கியம் இல்லைன்னு தோணுறதையும் சொல்லு."

அச்சுப் பிசகாமல் அதே வார்த்தைகள். விக்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. ரூனாவின் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்றுதான் கண்ணை மூடினாள். ரூனா சும்மா இருந்தாள். விக்டிஸும் சும்மா இருந்தாள். பார்க்கலாம் யார் ஜெயிக்கிறார்கள் என்று.

முதலில் வாசனை வந்தது. வெண்ணெயில் மீன் வடை கருகுகிற வாசனை. அன்று ஒரு பக்கம் கருக விட்டுவிட்டாள். பிறகு ரேடியோ. பிறகு ஐலிஃபின் கைகள், சோப்புப் போட்டுக் கழுவியும் டீசல் வாடை போகாத கைகள். முள்கரண்டி தட்டில் பட்டுக் கிணுகிணு என்றது. ஏன் அந்தச் சத்தம்? அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தூக்கி எறியப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன். சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான். அதை அவள் பேசிக்கொண்டே போனாள். எப்போது பேச ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முள்கரண்டியை அவன் கீழே வைத்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது.

விக்டிஸ் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"அவன் சொன்னான்," என்றாள். "நான் ஒண்ணும் கேக்கறதுக்கு முன்னாலயே சொன்னான். 'வண்டி போகும்போது ஒரு மாதிரி கீச்சுன்னு'ன்னு ஆரம்பிச்சான். நான்… நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சத்தத்தை விடு, என்ன வண்டின்னு சொல்லு'ன்னேன். அப்புறம்தான் பிக்கப்."

ரூனா தண்ணீர் டம்ளரை மட்டும் நகர்த்தி வைத்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருந்தால் விக்டிஸ் அவளை ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டாள். எழுந்து வெளியே வரும்போது ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த வடக்கத்திக்காரி கெட்டிக்காரிதான். இத்தனை நாள் காரணமில்லாமல் எரிந்த வயிறு இப்போது காரணத்தோடு எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஐலிஃப் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். வெயில் மேசை வரைக்கும் வந்திருந்தது. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்க. அந்தச் சத்தத்தைப் பத்தி."

"ம்."

"நான் கேக்கல."

"ம்."

அவன் இரண்டு கோப்பையிலும் காப்பி ஊற்றி, எதிரே வந்து உட்கார்ந்தான். விக்டிஸின் நாக்கு நுனியில் கேள்விகள் முண்டியடித்தன. தோள் எப்போதிலிருந்து வலிக்கிறது, டாக்டரிடம் போனாயா, படகுக்காரக் கிழவர் யார். எல்லாவற்றையும் விழுங்கினாள். ஆனால் ஒன்று மட்டும் விழுங்க விழுங்க மேலே வந்தது. அதை விட்டால்தான் மூச்சு வரும்போல இருந்தது.

"அவகிட்ட மட்டும் எப்படி அவ்வளவு பேசின?"

ஐலிஃப் யோசித்தான். கோப்பையைச் சுற்றினான். ஜன்னலைப் பார்த்தான். விக்டிஸ் மேசைக்கடியில் ஒரு கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள்.

"நான் அவகிட்ட பேசல," என்றான் கடைசியில்.

"நான்தான் பாத்தேனே!"

"கண்ணை மூடிக்கிட்டுத்தானே பேசினேன். மூடினதும் எதிர்ல அவ இல்ல. நீதான் உக்காந்திருந்த. படகு, பறவை, எல்லாம் உன்கிட்டதான் சொன்னேன்."

விக்டிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடக் கடவுளே, இதற்கா இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தேன்! கையை நீட்டி அவன் கையைத் தொடப் போனாள்.

"எவ்வளவு நல்லா கேட்டுக்கிட்டிருந்த தெரியுமா," என்றான் ஐலிஃப். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. கோப்பையைப் பார்த்து, தனக்குள் இருக்கும் யாரையோ பார்த்துச் சொன்னான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பை விக்டிஸ் கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறாள். "ஒரு தடவைகூடக் குறுக்க பேசல."

நீட்டிய கை பாதியில் நின்றது. விக்டிஸின் வயிறு மறுபடி எரிந்தது. இந்த முறை ரூனா மேல் இல்லை. தன் முகத்தை மாட்டிக்கொண்டு, தன் புருஷன் எதிரே, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளே, அந்தச் சிறுக்கி மேல்.